நுரைக்கூட்டுக்குக் கீழே ஒரு குட்டை

ஜூலை மாதத்தில் வால்பாறை மழை நிற்பதில்லை. நடுநடுவே கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளும். அப்படி ஓர் இடைவெளியில், இரவு எட்டு மணிக்கு மேல், தேயிலைத் தோட்டமும் சோலைக்காடும் உரசிக்கொள்ளும் ஓர் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தோம். காலடியில் ஒரு குட்டை. பத்தடி நீளம் இருக்கும். முழங்கால் ஆழம்கூட இல்லை. இலை மக்கிய தண்ணீர் கறுத்துக் கிடந்தது. பகலில் அந்த வழியாக நடந்துபோகிறவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

கூட வந்தவர் காடர் சமூகத்து மூத்தவர். யானை எந்தச் சரிவில் நிற்கிறது என்பதை வாசனையிலேயே சொல்லிவிடக்கூடியவர். அவர் இல்லாமல் அந்த ஓரத்தில் இரவில் நிற்பது புத்திசாலித்தனமும் இல்லை, வனத்துறை அதை அனுமதிக்கவும் செய்யாது.

“டார்ச்ச நேரா அடிக்காதீங்க தம்பி. இலைக்கு அடியில பிடிங்க. தானா தெரியும்” என்றார்.

பிடித்தேன். முதலில் தெரிந்தது தவளை இல்லை, நுரை. தண்ணீருக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில், இரண்டு மூன்று இலைகளைச் சேர்த்து ஒட்டவைத்தபடி, கைப்பிடி அளவு வெள்ளை நுரை தொங்கியது. அதற்கு அப்பால் இன்னொன்று, ஓரம் மஞ்சளாகிக் காய்ந்துபோனது. மூன்றாவதாக ஒன்று, அடிப்பக்கம் உருகி நீண்டு, இப்போது சொட்டுமா பிறகு சொட்டுமா என்று இருந்தது. மூன்றும் மூன்று வெவ்வேறு இரவுகளின் வேலை என்பது பார்த்தவுடனே புரிந்தது. மூன்றுமே சரியாகக் குட்டைக்கு நேர்மேலே.

“அங்க பாருங்க, அம்மா வந்திருக்கு” என்று அவர் காட்டிய இடத்தில் பச்சையாக ஏதோ நகர்ந்தது.

அதுதான் ஆனைமலைப் பறக்கும் தவளை. முதுகு முழுக்க இளம் இலையின் பச்சை. அதன் மேல் இலை நரம்பு ஓடுவதுபோல மெல்லிய கருங்கோடுகள். கிளையைப் பற்ற முன்கையை நீட்டியபோது விரல்களுக்கு நடுவே இருந்த சவ்வு விரிந்தது. அது சிவப்பு கலந்த ஆரஞ்சு. பச்சைக்குள் அப்படி ஒரு நிறம் மறைந்திருக்கும் என்று படத்தில் பார்த்துத் தெரிந்திருந்தும், ஈரம் சொட்டும் இருட்டில் முதன்முதலாகப் பார்க்கிறபோது நெஞ்சு ஒரு கணம் நின்றது.

இந்தத் தவளைக்கு அறிவியல் பெயர் கிடைத்தது வெகு அண்மையில், 2000ஆம் ஆண்டில். கார்த்திகேயன் வாசுதேவன், சுஷில் குமார் தத்தா என்ற இரு ஆய்வாளர்கள் வால்பாறைக்கு அருகே உள்ள ஆண்டிப்பாறை சோலையில் இதைக் கண்டு, தனி இனம் என்று அறிவித்தார்கள். அதுவரை இதன் நெருங்கிய உறவான மலபார் பறக்கும் தவளையோடு இது குழம்பிக் கிடந்தது. மலபார் தவளைக்கு 1870லேயே பெயர் வைத்துவிட்டார் தாமஸ் ஜெர்டன், சென்னைப் படையில் மருத்துவராக இருந்த இயற்கை ஆர்வலர். தேயிலைத் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த ஓர் உயிர், நூற்றாண்டுக்கும் மேலாகத் தன் பெயரில் அறியப்படாமல் இருந்திருக்கிறது. இத்தனைக்கும் எறும்புபோல மண்ணுக்குள் மறைந்து வாழும் உயிர் இல்லை இது.

பெண் தவளையின் முதுகில் ஆண் ஒன்று ஏறி அமர்ந்திருந்தது. உருவத்தில் அது பாதிதான் இருக்கும். பக்கத்துக் கிளையிலிருந்து இன்னோர் ஆண் தாழ்ந்த கடகடப்பில் கூப்பிட்டுக்கொண்டே நெருங்கியது. பெண் இரண்டையும் பொருட்படுத்தாமல் இலையைத் தேர்ந்துகொண்டிருந்தது. ஓர் இலையில் உட்கார்ந்து பார்க்கும், விலகும், அடுத்ததில் உட்காரும். தண்ணீருக்கு மேலே இல்லாத கிளைப் பக்கம் அது திரும்பவே இல்லை. கடைசியில் ஓரிடத்தில் நிலைகொண்டு பின்னங்கால்களை அசைக்கத் தொடங்கியது.

தயிர் கடைவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. பெண்ணின் உடலிலிருந்து வழவழப்பான திரவம் வெளியேறுகிறது. பின்னங்கால்கள் இரண்டும் அதை இடமும் வலமுமாக அடித்து அடித்துக் காற்றேற்றுகின்றன. கண்ணெதிரே அது வெண்ணுரையாகப் பொங்குகிறது. முட்டைகள் அதற்குள்ளேயே இடப்படுகின்றன. ஆண் அங்கேயே அவற்றைக் கருவுறச் செய்கிறது. கொஞ்சம் கடைவது, கொஞ்சம் ஓய்வது, மீண்டும் கடைவது. இந்த வேலை வெகுநேரம் நீண்டது. மழை மீண்டும் பிடித்துக்கொண்டது, தவளைகள் கவலைப்படவில்லை. நாங்கள்தான் குடையைச் சரித்துச் சரித்து நின்றோம்.

நுரையின் வெளிப்பக்கம் சில மணி நேரத்தில் காய்ந்து தோல்போல இறுகிவிடும். உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். வெயில், காற்று, நீருக்குள் இருக்கும் பூச்சிகள், மீன்கள் என எதுவும் எளிதில் எட்ட முடியாத இடத்தில் முட்டைகள் வளரும். தலைப்பிரட்டைகள் பொரிந்து வரும் நேரத்தில் உள்நுரை இளகித் தண்ணீராகும். ஒரு நல்ல மழை அடித்தால் அடிப்பக்கம் உடைந்து, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே குட்டைக்குள் விழும். முட்டையிட்டதிலிருந்து இதற்குச் சுமார் ஒரு வாரம் ஆகும். அந்த மூன்றாவது கூட்டில் நாங்கள் பார்த்தது இதைத்தான். டார்ச் வெளிச்சத்தில் நுரையின் நுனியில் கறுப்பாக ஒன்று நெளிந்தது, சொட்டு நீண்டது, விழுந்தது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. பிறகு இன்னொன்று.

அந்தச் சொட்டு விழுந்த இடத்தில் தண்ணீர் இல்லாமல் சேறு மட்டும் இருந்திருந்தால்? தாய் இதைக் கணக்கிட்டுத்தான் இடம் பார்க்கிறது. ஆனால் முட்டையிட்ட பிறகு ஒரு வாரம் கழித்துக் குட்டை எப்படி இருக்கும் என்பது அதன் கையில் இல்லை. மழை பொய்த்தால் போயிற்று. யாராவது வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டாலும் போயிற்று. விழுந்த பிறகும் கால் முளைத்து, வால் கரைந்து, கரையேறப் பல வாரங்கள் தேவை. அதுவரை அந்தப் பத்தடித் தண்ணீர் நிற்க வேண்டும்.

மலபார் தவளையின் இணைசேர்க்கையையும் கூடு கட்டுதலையும் பற்றி கர்நாடக ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை ஒன்று 2000ஆம் ஆண்டு ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் வந்தது. அந்த இதழைத் தொடங்கியவர்களில் ஒருவரும், 1932இல் அதன் முதல் ஆசிரியருமான சி. ஆர். நாராயண ராவ், தென்னிந்தியத் தவளை ஆய்வுக்கு அடித்தளம் போட்டவர், கோயம்புத்தூரில் பிறந்தவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்து, பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர். அவர் பெயர் இன்றும் இந்தக் காட்டில் ஒலித்துக்கொண்டிருக்கிறது என்றே சொல்லலாம். எப்படி என்று அடுத்த அரை மணி நேரத்தில் காதாலேயே கேட்டேன்.

குட்டையை விட்டு ஒற்றையடிப் பாதையில் சோலைக்குள் நடந்தபோது, நாலாபுறமும் மரத்தைத் தட்டும் ஓசைபோல டக், டக் என்று எழுந்தது. ஒன்று நிறுத்தினால் அடுத்தது பதில் சொல்லும். எத்தனை தேடியும் ஆள் தெரியவில்லை. மூத்தவர் குனிந்து, இடுப்பளவுச் செடியில் ஓர் இலையை விரலால் காட்டினார். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு பழுப்புத் தவளை. அதன் தொண்டைப் பை உடலளவுக்கு ஊதி, வெளிச்சத்தில் கண்ணாடியாக மின்னியது. இவை புதர்த் தவளைகள். நாராயண ராவின் நினைவாக 2010இல் இந்தக் கூட்டத்துக்கு ‘ராவோர்கெஸ்டெஸ்’ என்று பேரினப் பெயர் சூட்டப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் இதில் 60க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன.

இந்தச் சிறியவை குட்டையை நம்பவில்லை. இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. ஈர இலையிலோ பாசியிலோ இடும் முட்டைக்குள்ளேயே முழு வளர்ச்சியும் முடிந்து, நேரடியாகக் குட்டித் தவளை வெளியே வரும். அதனால் தண்ணீர் தேங்காத சரிவுகளிலும், மலையுச்சிப் புல்வெளிகளிலும்கூட இவை குடியேறிவிட்டன. இவற்றில் ஓர் இனம் மூங்கிலுக்குள் வாழ்வது. 1870களில் பதிவானது, பிறகு 136 ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை என்று கருதப்பட்டு, 2011இல் மீண்டும் கிடைத்தது. களக்காடு முண்டந்துறைக் காட்டில் சேஷாத்ரி என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் அதன் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஓடை மூங்கிலின் கணுக்களுக்கிடையே உள்ள குறுகிய வெடிப்பு வழியாக உள்ளே நுழைந்து, அந்த வெற்றிடத்தின் சுவரில் முட்டையிடுகிறது. ஆண் உள்ளேயே இருந்து காவல் காக்கிறது. ஒரு மூங்கில் கணுவிடைக்குள் ஒரு குடும்பம். அந்த மூங்கிலை வெட்டிக் கட்டுக்கட்டாக ஏற்றும்போது என்ன ஏற்றுகிறோம் என்று இனியாவது ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

திரும்பி வரும் வழியில்தான் எதிர்பாராதது நடந்தது. பாதைக்கு மேலே உயரக் கிளையில் ஒரு பறக்கும் தவளை உட்கார்ந்திருந்தது. மூத்தவர் என் தோளைத் தொட்டு நிறுத்தினார். அது உடம்பை முன்னே தள்ளி, கால்களைப் பக்கவாட்டில் மடக்கி விரித்து, காற்றில் இறங்கியது. நான்கு பாதங்களும் முழுதாக விரிந்திருந்தன. நேர்கீழே விழவில்லை, சரிவாக வந்தது, பாதி வழியில் ஒரு தண்டைத் தவிர்க்க உடம்பைத் திருப்பியதைக் கண்ணால் பார்த்தேன். பிறகு ஓர் ஈர இலையில் ஒட்டிக்கொண்டது. எல்லாம் ஒரு நொடிக்குள்.

இதைப் ‘பறத்தல்’ என்பதைவிட மிதந்து இறங்குதல் என்பதே சரி. மலபார் தவளை 9 முதல் 12 மீட்டர் வரை இப்படிப் போகும் என்று பதிவாகியிருக்கிறது. தவளை பறக்கும் என்ற செய்தியை உலகுக்கு முதலில் பரவலாகச் சொன்னவர் ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ். போர்னியோவில் சரவாக்கில் இருந்தபோது, ஒரு சீனத் தொழிலாளி உயரமான மரத்திலிருந்து சரிந்து இறங்கியது என்று சொல்லி ஒரு தவளையைக் கொண்டுவந்து கொடுத்தார். வாலஸ் அதை 1869இல் வெளியான தன் மலாய்த் தீவுக்கூட்டப் பயண நூலில் எழுதினார். அந்தத் தொழிலாளியின் பெயரை நூல் பதிவு செய்யவில்லை. காட்டில் முதலில் பார்த்தவர்களுக்கு நேர்வது பெரும்பாலும் இதுதான். என்னுடன் நின்றிருந்தவரும் இந்தத் தவளையை 2000ஆம் ஆண்டுக்கு வெகு முன்பே, சிறுவயதிலிருந்தே அறிந்தவர்.

சவ்வு எதற்கு என்ற கேள்விக்கு விடை தேடி ஷரன் எமர்சன், மிமி கோயல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் தவளை மாதிரிகள் செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். 1990இல் வெளியான முடிவு நாம் நினைப்பதற்கு மாறானது. விரிந்த பாதமும் மடக்கிய காலும் தவளையைத் தூரமாகக் கொண்டுபோவதைவிட, காற்றில் திரும்பவும் வளையவும் அதிகம் உதவுகின்றன. கிளைகளும் கொடிகளும் பின்னிக் கிடக்கும் மழைக்காட்டில் தூரத்தைவிடத் திருப்பம்தான் உயிரைக் காக்கும். அன்று அந்தத் தண்டைத் தவிர்த்த திருப்பத்தைப் பார்த்தபோது அந்த ஆய்வு எனக்கு எழுத்தாக இல்லை, உடலாகத் தெரிந்தது.

இறங்கிய பிறகு வழுக்காமல் நிற்பது இன்னொரு வித்தை. விரல் நுனித் திட்டுகளின் தோல் பெரும்பாலும் அறுகோண வடிவச் செல்களால் ஆனது, செல்களுக்கு இடையே நுண்ணிய வாய்க்கால்கள், அவற்றில் சளிநீர். இலைக்கும் விரலுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் பரவி, அதன் இழுவிசையால் விரல் ஒட்டிக்கொள்கிறது. விரலின் கடைசி இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஒரு குட்டிக் குருத்தெலும்பு உண்டு. உடம்பு எப்படித் திரும்பினாலும் திட்டு இலையோடு படிந்தே இருக்க அது உதவுகிறது. இத்தனையும் வேலை செய்யத் தோல் எப்போதும் ஈரமாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும். தவளை தண்ணீரையும் தோல் வழியாகவே குடிக்கிறது. மூச்சிலும் ஒரு பகுதி தோல் வழியாகவே. அட்டைக்கடிக்குப் பயந்து காலுறையில் புகையிலைத் தூளும் வேப்பெண்ணெயும் பூசிக்கொண்டு போகிறவர்கள் அந்தக் கையால் தவளையைத் தொடவே கூடாது. கொசு விரட்டிக் களிம்பும் அப்படியே. நாங்கள் எதையும் தொடவில்லை.

மறுநாள் பகலில் அதே ஓரத்துக்குப் போனோம். இரவில் அத்தனை ஆர்ப்பாட்டமாக இருந்த இடம் மௌனமாகக் கிடந்தது. வெகுநேரம் தேடிய பிறகு, அகன்ற இலை ஒன்றின் மேல் ஒரு பச்சை மேடு. கைகால்களை உடம்புக்கடியில் இழுத்துச் சொருகி, கண்ணை மூடி, ஆரஞ்சு நிறத்தின் ஒரு கீற்றுகூட வெளியே தெரியாமல் தூங்கியது. இப்படி ஒடுங்கிக்கொள்வதால் ஈரமும் குறைவாகவே வெளியேறும். பறவையின் கண்ணுக்கும் அது இலையாகவே தெரியும். எல்லார் கண்ணையும் ஏமாற்ற முடிவதில்லை என்பதற்கு அதே புதரில் சாட்சி இருந்தது: கிளைக் கவட்டில் சுருண்டிருந்த பச்சைக் குழிவிரியன். இரவுக்காகக் காத்திருந்தது. அதுவும் அந்தக் குட்டையை நம்பித்தான் அங்கே வந்திருக்கிறது.

பகல் வெளிச்சத்தில் குட்டையைச் சுற்றிப் பார்த்தபோதுதான் அதன் நிலைமை புரிந்தது. ஒரு பக்கம் சோலை. மறுபக்கம் பத்தடி தள்ளித் தேயிலை தொடங்கிவிடுகிறது. நடுவே களை நீக்கப்பட்ட ஒரு பட்டை; தண்ணீர் வடிய வெட்டிய பழைய வாய்க்கால் ஒன்று, நல்லவேளையாகத் தூர்ந்து கிடந்தது. அந்த வாய்க்காலை யாராவது கடமையுணர்வோடு தூர்வாரினால், அடுத்த வாரம் இங்கே குட்டை இருக்காது.

1890களின் இறுதியில் கார்வர் மார்ஷ் போன்ற தோட்டக்காரர்கள் வந்து காட்டை வெட்டித் திருத்துமுன், இந்தப் பீடபூமியின் பெரும்பகுதி மழைக்காடு. இன்று சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்பில் தேயிலையும் காப்பியும் நிற்க, நடுநடுவே தீவுகளாகச் சோலைத் துண்டுகள் எஞ்சியிருக்கின்றன. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் 958 சதுர கிலோமீட்டர் மையப்பகுதி. அந்தத் தோட்டங்களை உருவாக்கியவர்கள் சமவெளியிலிருந்து வந்து அட்டையிலும் குளிரிலும் உழைத்த தொழிலாளர்கள். அவர்கள் பிழைப்பை நான் குறை சொல்ல மாட்டேன். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து, சிதைந்த துண்டுகளில் உள்ளூர் மரங்களை நட்டு மீட்டுவருகிறது. இது பெரிய வேலை. பறக்கும் தவளை போன்ற மரத்தவளைக்கும் அதன் பலன் உண்டு.

ஆனால் மரத்தை மட்டும் காப்பாற்றினால் மரத்தவளை பிழைத்துவிடும் என்று நினைப்பது பாதிக் கணக்கு. அதன் பகல் உயரத்தில். அதன் முட்டை நடுவில், தாழ்ந்த கிளையில். அதன் குழந்தைப் பருவம் கீழே, தேங்கிய தண்ணீரில். இந்த மூன்றில் எது அறுந்தாலும் தலைமுறை அறுந்துவிடும். மரத்துக்குப் பெயர்ப்பலகை வைக்கிறோம். குட்டைக்கு யாரும் வைப்பதில்லை. அது சேறு, கொசு, வடிக்கவேண்டிய தண்ணீர் என்றுதான் நம் கண்ணுக்குப் படுகிறது. அங்கே கரையோரச் செடிகளைச் சுத்தமாக வெட்டி எறிவதும் அதே அளவு கேடு. கூடு தொங்க இலை இருக்காது. சில களைக்கொல்லிகளில் கலக்கப்படும் துணைப்பொருள்கள் தலைப்பிரட்டைகளைக் கொத்தாகக் கொல்லும் என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சாலை இன்னோர் அறுப்பு. ஆனைமலைச் சாலைகளில் வண்டி ஏறிச் சாகும் தவளைகளையும் ஊர்வனவற்றையும் கணக்கெடுத்து, விஜயகுமார், கார்த்திகேயன் வாசுதேவன், ஈஷ்வர் ஆகியோர் 2001லேயே ஆய்வு வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு வால்பாறைக்கு வரும் வாகனங்கள் எத்தனை மடங்கு பெருகியிருக்கின்றன என்பது அங்கே வாழ்கிற எவருக்கும் தெரியும். மழை இரவில் குட்டையைத் தேடிக் கடக்கும் தவளைக்குத் தார்ச்சாலை ஓர் ஆபத்து என்று தெரியாது. உலகில் மதிப்பிடப்பட்ட நீர்நில வாழ்வன இனங்களில் சுமார் 41 சதவீதம் அழிவு அபாயத்தில் இருப்பதாக 2023இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது. முதுகெலும்புள்ள விலங்குகளில் இந்த அளவுக்கு நெருக்கடியில் உள்ள பெரும்பிரிவு வேறில்லை.

குட்டை இருக்கும் இடத்தை நான் இங்கே எழுதவில்லை. கேமராவோடு கூட்டம் வந்து, படத்துக்காகக் கிளையை ஒடித்து, தவளையைக் கையில் எடுத்து வைத்து, நுரைக்கூட்டைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் பெருகிவிட்டது. பார்க்க ஆசையிருந்தால் உள்ளூர் வழிகாட்டியோடு, வனத்துறை அனுமதியோடு, எட்ட நின்று பாருங்கள். தோட்ட மேலாளர்களிடமும் கண்காணிகளிடமும் ஒரே ஒரு வேண்டுகோள்: சோலையை ஒட்டிய குட்டைகளையும் அவற்றின் மேல் தாழ்ந்த கிளைகளையும் ஜூன் முதல் மழை ஓயும்வரை வெட்டாமல், வடிக்காமல், மருந்தடிக்காமல் விட்டுவிடுங்கள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஆழியாரிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வருகிறவர்களுக்கும் சொல்கிறேன்: மழை பெய்யும் இரவில் முடிந்தவரை வண்டி எடுக்காதீர்கள், எடுத்தே ஆகவேண்டுமென்றால் மெதுவாக வாருங்கள்.